மழையில் நனைந்த மக்காச்சோளமும் ஓம முடிச்சும்

எங்கள் பக்கம் மானாவாரி மக்காச்சோளம் தையில்தான் களத்துக்கு வரும். புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி விதைத்தது மார்கழிப் பனியில் முற்றி, பொங்கல் முடிந்த கையோடு அறுவடையாகும். அந்தச் சமயத்தில் மழை இருக்காது என்பதுதான் காலங்காலமாக இருக்கும் கணக்கு. 2021 ஜனவரியில் அந்தக் கணக்கு அடியோடு தப்பிப்போனது. தமிழ்நாடு முழுக்கப் பருவம் தப்பிய மழை கொட்டித் தீர்த்தது. அதிலிருந்து ஒவ்வொரு தையிலும் களத்தில் கொட்டிவிட்டு வானத்தைப் பார்ப்பதே வழக்கமாகிவிட்டது.

எங்கள் தோட்டம் சென்னிமலைக்கும் காங்கேயத்துக்கும் இடையில் இருக்கிறது. விற்கிற சோளத்தைப் பற்றிப் பெரிய கவலை இல்லை. தீவன ஆலைக்கு வாங்குகிறவர்கள் ஈரமானி வைத்துப் பார்த்து, விலையைப் போட்டு ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். வீட்டு மாடுகளுக்கென்று ஒதுக்கி வைக்கிற மூட்டைகள்தான் சிக்கல். மழை பிடித்துக்கொண்டால் நனைந்த தானியம் வெயில் வரும்வரை ஒரு வாரம், பத்து நாள் அப்படியே கிடக்கும். அந்த இடைவெளியில் பூசணம் ஏறாமல் பிடித்து வைக்க அடுப்படியிலும் வேலியோரத்திலும் இருக்கிற பொருட்களால் முடியுமா என்று பார்க்கத்தான் இந்த வேலையில் இறங்கினேன். தீவன ஆலைகளில் புரோப்பியானிக் அமிலமும் அதன் உப்புகளும் போடுகிறார்கள், அவை நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் அடர் அமிலத்தைக் கேனில் வாங்கிக் குழந்தைகள் ஓடியாடும் கொட்டகையில் வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

பூசணம் பிடித்த தானியம் என்றால் கொஞ்சம் கெட்ட வாசம், கொஞ்சம் கசப்பு, அவ்வளவுதான் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். தட்டிக் காயப்போட்டு மாட்டுக்கு வைத்துவிடலாம் என்பார்கள். இதை நான் அழுத்திச் சொல்லியாக வேண்டும்: தட்டினால் போவது பூசணத்தின் தூள் மட்டும்தான். ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற மஞ்சள்பச்சைப் பூஞ்சை தானியத்துக்குள் வேர்விட்டு வளரும்போது அஃப்லடாக்சின் என்ற நச்சைச் சுரக்கிறது. பூஞ்சை செத்தாலும் நச்சு அங்கேயே இருக்கும். வேகவைத்தாலும் போகாது, கொதிக்கிற தண்ணீரின் சூடெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவற்றை வைத்திருக்கும் முதல் பிரிவில்தான் உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை இதையும் சேர்த்திருக்கிறது. ஈரல்தான் முதலில் அடிபடும்.

இந்த நச்சை உலகம் கண்டுகொண்டதே தீவனத்தால்தான். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்து விழுந்தன. தேடிப் போனபோது கடலைப் பிண்ணாக்கில் வந்து நின்றது. 1974இல் நம் நாட்டிலேயே ராஜஸ்தான், குஜராத் பகுதிப் பழங்குடிக் கிராமங்களில், மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்கள் வைத்திருந்ததும் நம்மைப் போல வீட்டுக்கென்று எடுத்து வைத்த சோளம்தான்.

மாட்டு விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. தீவனத்தில் போகிற அஃப்லடாக்சின் வகைகளில் பி1 என்பதில் ஒரு சிறு பங்கு, மாட்டின் ஈரலில் எம்1 என்ற இன்னொரு வகையாக மாறிப் பாலில் இறங்குகிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. அதில் 368 மாதிரிகளில் இந்த எம்1, கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம் என்ற வரம்பைத் தாண்டியிருந்தது. எண்ணிக்கையில் அதிகமாக இருந்த மாநிலம் தமிழ்நாடு: 551 மாதிரிகளில் 88. கறக்கிற பாலில் பாதி நம் வீட்டுப் பிள்ளைகளுக்கே போகும்போது இந்த எண்ணைப் படித்துவிட்டு மேலே போக முடியாது.

சரி, வேலைக்கு வருவோம். ஓமம், கிராம்பு என்று போவதற்கு முன்னால் ஈரத்தை அளக்கத் தெரிய வேண்டும். அது தெரியாமல் எதைப் போட்டாலும் வேலை செய்ததா இல்லையா என்று சொல்லவே முடியாது.

அப்பத்தா காலத்துச் சோதனை பல்லில் வைத்துக் கடிப்பது. "டக்குனு உடையோணும் கண்ணு. நசுங்குச்சுன்னா இன்னுமொரு வெயிலு போடோணும்" என்பார். இது பொய்யில்லை. நன்றாகக் காய்ந்ததற்கும் காயாததற்கும் பல்லே வித்தியாசம் காட்டிவிடும். ஆனால் பதினாலு சதவீதத்துக்கும் பதினாறு சதவீதத்துக்கும் பல்லால் வித்தியாசம் சொல்ல முடியாது, பூசணத்துக்கோ அந்த இரண்டு சதவீதம்தான் வாழ்வா சாவா. அடுத்தது உப்புச் சோதனை. வாணலியில் வறுத்து ஈரம் போக்கிய தூள் உப்பு இரண்டு கரண்டி, காய்ந்த கண்ணாடி பாட்டிலில் கால் பாகம் தானியம். மூடி ஒரு நிமிடம் நன்றாகக் குலுக்கிவிட்டு, கொஞ்ச நேரம் அசையாமல் வைத்துப் பார்க்க வேண்டும். கண்ணாடிச் சுவரில் உப்பு ஒட்டியிருந்தால் ஈரம் பதினைந்துக்கு மேல். ஒட்டாவிட்டால் அதற்குக் கீழே. காசு செலவில்லாத சோதனை, நம்பலாம்.

எனக்கு அதைவிடவும் நுட்பமாகத் தேவைப்பட்டது. அறையின் காற்று ஈரப்பதம் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் ஒன்று வாங்கினேன். மலிவான மீட்டர்கள் சொல்வதை அப்படியே நம்பக் கூடாது, முதலில் அதைச் சரிபார்க்க வேண்டும். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, ஈர மணல் பதத்துக்கு வருகிற அளவு மட்டும் தண்ணீர் விட்டு, மீட்டரையும் அதையும் காற்றுப் புகாத டிபன் டப்பாவில் வைத்து ஓர் இரவு விட்டேன். ஈர உப்பு இருக்கிற மூடிய பெட்டியில் ஈரப்பதம் 75இல்தான் நிற்கும், அது இயற்கை விதி. என் மீட்டர் 79 காட்டியது. அன்றிலிருந்து அது காட்டுவதில் நான்கைக் கழித்துக்கொள்கிறேன். இப்போது முக்கால் பாட்டில் சோளத்துக்குள் மீட்டரைப் புதைத்து மூடி ஓர் இரவு வைத்தால், தானியத்துக்கு இடையில் இருக்கும் காற்று எவ்வளவு ஈரம் என்று தெரிந்துவிடும். 65க்குக் கீழே இருந்தால் நிம்மதியாகக் கட்டி வைக்கலாம். 70 தான் எல்லைக்கோடு, மக்காச்சோளத்தில் அது கிட்டத்தட்ட பதின்மூன்றரை சதவீத ஈரம். எழுபதைத் தாண்டியதும் சாம்பல்பச்சைப் பூஞ்சைகள் சில மெதுவாகத் தலைதூக்கும். அவை மூச்சுவிடும்போது தண்ணீரும் சூடும் வெளியாகும். அந்தத் தண்ணீரில் ஈரம் எண்பதைத் தாண்டினால் ஃப்ளேவஸ் வந்து உட்கார்ந்துகொள்ளும். கூன்வண்டு விழுந்த மூட்டையில் பூசணமும் சேர்ந்து வருவதற்குக் காரணம் இதுவே, வண்டின் மூச்சும் ஈரம்தான்.

சோதனைக்குப் பன்னிரண்டு சதவீதத்துக்குக் காய்ந்த நல்ல சோளத்தை எடுத்து, வேண்டுமென்றே ஈரமாக்கினேன். பன்னிரண்டிலிருந்து பதினெட்டுக்குக் கொண்டுவர ஒரு கிலோவுக்கு 73 மில்லி தண்ணீர். ஒரு கிலோவில் காய்ந்த சரக்கு 880 கிராம், அது மொத்த எடையில் 82 பங்காக வேண்டும், அதை வைத்துப் போட்ட கணக்கு. தண்ணீரைத் தெளித்து, டப்பாவில் மூடி, அவ்வப்போது குலுக்கி, குளிர்ந்த இடத்தில் இரண்டு நாள் வைத்தால் ஈரம் உள்ளே ஏறிச் சமமாகிவிடும். பிறகு அரைக் கிலோ அரைக் கிலோவாக ஒரே அளவு கண்ணாடிச் சாடிகளில் பிரித்தேன். சாடியில் பாதிதான் நிரப்பினேன், மீதி காற்று. முழுக்க நிரப்பி இறுக்கி மூடினால் காற்றில்லாமலேயே பூசணம் அடங்கிவிடும், அப்புறம் மருந்து வேலை செய்ததா காற்றில்லாதது வேலை செய்ததா என்று தெரியாது.

போட்டது நூற்றுக்கு ஒரு பங்கு, அதாவது சாடிக்கு ஐந்து கிராம்: ஓமம், கிராம்பு, எங்கள் தோட்டத்து மஞ்சள்தூள், நிழலில் காய்ந்த வேப்பிலைத் தூள், நொச்சித் தூள். பரமத்தி வேலூர் வெற்றிலையை மட்டும் பச்சையாக நறுக்கிப் போட்டேன். ஒன்றில் சலித்த அடுப்புச் சாம்பல், அது கொஞ்சம் அதிகமாக. ஒன்றில் எதுவும் போடவில்லை.

வசம்பை விட்டுவிட்டேன். வண்டுக்கு அதைப்போல இல்லை என்பார்கள், பூஞ்சைக்கும் வேலை செய்கிறது. ஆனால் அதிலிருக்கும் பீட்டா-அசரோன் எலிகளுக்குப் புற்றுக்கட்டி உண்டாக்கியிருக்கிறது. ஒரு நச்சைத் தடுக்க இன்னொன்றைத் தீவனத்தில் கலப்பதில் எனக்கு உடன்பாடில்லை. விதைக்கென்று வைப்பதில் போட்டுக்கொள்ளலாம்.

எதுவும் போடாத சாடியில் ஒரு வாரத்துக்குள் முளைக்குருத்துப் பக்கம் வெள்ளைப் பஞ்சு தெரிந்தது. கொஞ்ச நாளில் அது மஞ்சள் கலந்த பச்சையாக மாறியது. உடைந்த மணிகளில்தான் முதலில் வந்தது, முழு மணியில் அப்புறம்தான். கதிரடிக்கும் மிஷினில் உடைந்து வருகிற குருணையை ஏன் சலித்து ஒதுக்க வேண்டும் என்பதை இந்தச் சாடி கண்ணெதிரே காட்டியது. தோல் கிழிந்த மணிக்குப் பாதுகாப்பு எதுவுமே இல்லை.

நொச்சிச் சாடி எதுவும் போடாததோடேயே போய்விட்டது. வேப்பிலை சில நாள் தள்ளிப்போட்டது. வெற்றிலைச் சாடி என்னை ஏமாற்றியது. அதன் காரத்தில் யூஜினாலும் ஹைட்ராக்ஸிசவிகாலும் இருக்கின்றன, இரண்டும் பூஞ்சைக்கு ஆகாதவை. ஆனால் பச்சை இலை தன் தண்ணீரையும் சேர்த்தே கொண்டுவந்தது. சாடியின் சுவரில் வியர்த்து, இலையைத் தொட்டிருந்த சோளம் கொழகொழத்துவிட்டது. பக்கத்துத் தோட்டத்து மாமா, "வேப்பந்தழைய ஒடிச்சுப் போட்டுக் கட்டி வெச்சாப் போதுமுங்க மாப்பிள்ளை" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். காற்றாடும் குதிரில் அது சரி. மூடிய டிரம்மில் பச்சைத் தழை போடுவது ஈரத்தை நாமே உள்ளே வைத்து மூடுவதுதான்.

மஞ்சளைப் பற்றி நல்ல சேதி சொல்லத்தான் எனக்கு ஆசை. ஈரோட்டுக்காரனுக்கு அதில் சந்தேகமே வரக்கூடாது. மஞ்சள் எண்ணெய் ஃப்ளேவஸை அடக்குகிறது என்பது ஆய்வுகளில் உறுதியானது. ஆனால் கிழங்கை வேகவைத்து, வாரக்கணக்கில் வெயிலில் போட்டு, அரைத்த தூள் வேறு, வடித்தெடுத்த எண்ணெய் வேறு. தூளில் இருக்கும் குர்குமின் ஆவியாகாது, தண்ணீரில் கரையாது. விழுந்த இடத்தில் நிறமேற்றிவிட்டு அங்கேயே இருந்துவிடும். தூள் படிந்த மணி சுத்தமாக இருந்தது, படியாத மணியில் பஞ்சு பூத்தது. சாம்பல் கொஞ்சம் ஈரத்தைக் குடித்துக்கொண்டு மஞ்சளைவிடச் சற்று நன்றாகவே நின்றது.

கடைசிவரை தாக்குப்பிடித்தவை ஓமமும் கிராம்பும்தான். மற்ற சாடிகள் எல்லாம் பச்சையாகி நான் அவற்றை அப்புறப்படுத்திய பிறகும் இந்த இரண்டிலும் மணி பளிச்சென்றே இருந்தது. காரணம் எளிது. இரண்டின் மருந்தும் ஆவியாகிற எண்ணெய். ஓமத்தில் நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு பங்கு எண்ணெய் இருக்கும், அதில் பாதியளவு தைமால். கிராம்பு மொக்கில் பதினைந்து பங்குக்கு மேல் எண்ணெய், அதில் முக்கால்வாசி யூஜினால். இந்த ஆவி நாம் எட்ட முடியாத மணி இடுக்குகளுக்குள் எல்லாம் போய், பூஞ்சை செல்லின் மேல்சவ்வைக் குலைத்துவிடுகிறது. சவ்வு கெட்டால் உள்ளே இருப்பது கசிந்து வெளியே வந்துவிடும், பூஞ்சையின் வித்து முளைக்காது. நூறு கிலோவுக்குக் கிராம்பு ஒரு கிலோ என்பது மாட்டுத் தீவனத்துக்குக் கட்டாத விலை. அதனால் ஓமத்தோடு நின்றுகொண்டேன்.

ஓமத்தை முழுசாகப் போடுவதற்கும் இடித்துப் போடுவதற்கும் ரொம்ப வித்தியாசம். எண்ணெய்ப் பைகள் விதையின் தோலுக்குள் இருக்கின்றன, உடைந்தால்தான் வாசம் வெளியே வரும். அதற்காக முன்கூட்டியே இடித்து வைக்கவும் கூடாது. உரலில் ஒன்றிரண்டாக இடித்து, வெள்ளைத் துணியில் முடிந்து, உடனே உள்ளே போட்டு மூட வேண்டும். இன்னொரு சாடியில் அதே ஓமம், அதே அளவு, மூடிக்குப் பதில் துணி கட்டி வைத்துப் பார்த்தேன். வாசம் நாளுக்கு நாள் குறைந்தது. வாசம் போன கொஞ்ச நாளில் பூசணம் வந்துவிட்டது. சாக்கு மூட்டையில் ஓமம் போடுவதில் பயனில்லை என்பதற்கு எனக்கு அந்த ஒரு சாடியே போதும்.

அளவைக் குறைத்துப் போட்டுச் சிக்கனம் பண்ணலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். பூஞ்சையைக் கொல்லப் போதாத அளவு மருந்து பட்டால் அது இன்னும் அதிகமாக நச்சு சுரக்கக்கூடும். புரோப்பியானிக் அமிலத்திலேயே இப்படிப் பார்த்திருக்கிறார்கள். வேம்பில் இதற்கு நேரெதிராக ஒன்று இருக்கிறது. 1988இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வில், வேப்பிலைச் சாறு கலந்த வளர்ப்பு ஊடகத்தில் பூஞ்சை வழக்கம்போல வளர்ந்தது, ஆனால் நச்சுச் சுரப்பு அடங்கிப்போனது. ஆக, கண்ணுக்குத் தெரியும் பூசணமும் கண்ணுக்குத் தெரியாத நச்சும் ஒன்றோடொன்று ஒட்டியே போகும் என்று கணக்குப் போட முடியாது. நம் கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலேயே ஓமச் சாறு அஃப்லடாக்சின் ஜி1ஐச் சிதைப்பதையும், ஆடாதோடை இலைச் சாறு பி1ஐச் சிதைப்பதையும் காட்டியிருக்கிறார்கள். படித்தபோது பெருமையாக இருந்தது. ஆனால் அது ஆய்வகத்தில் சாறெடுத்து, நச்சோடு நேராகக் கலந்து பார்த்தது. துணியில் கட்டித் தொங்கவிட்ட ஓமம் ஏற்கனவே ஏறிய நச்சை எடுத்துவிடும் என்று யாரும் எண்ணிக்கொள்ள வேண்டாம். நல்ல சோளத்தைக் கெடாமல் வைக்கத்தான் இது, கெட்டதை நல்லதாக்க அல்ல.

பூசணம் பிடித்த சாடிகளை வீட்டுக்குள் திறக்கவே இல்லை. வித்துத்தூள் மூச்சில் போனால் நுரையீரலுக்கு ஆகாது, ஆஸ்துமாக்காரர்களுக்கு இன்னும் மோசம். மூடியோடு கொண்டுபோய், முகக்கவசம் கட்டிக்கொண்டு, குழி வெட்டிக் கொட்டி, தண்ணீர் தெளித்து மூடினேன். கோழிக்குப் போட்டுவிடலாமே என்றது வீட்டில் ஒரு குரல். கோழியும் வாத்தும் இந்த நச்சுக்கு மாட்டைவிடச் சீக்கிரம் விழுந்துவிடும்.

ரூபாய் நோட்டுப் பார்க்கும் புறஊதாக்கதிர் டார்ச் ஒன்றையும் பயன்படுத்திப் பார்த்தேன். 365 நானோமீட்டர் என்று போட்டிருப்பதாகப் பார்த்து வாங்க வேண்டும். இருட்டறையில், உடைத்த சோளத்தின் மேல் அடித்தால் சில துணுக்குகள் பச்சைமஞ்சளாகப் பளீரென்று மின்னும். மின்னுவது நச்சு இல்லை, அந்தப் பூஞ்சை சுரக்கும் கோஜிக் அமிலம் பச்சைத் தானியத்தின் நொதியோடு சேர்ந்து உண்டாக்கும் பொருள். அதனால் மின்னினால் சந்தேகப்படலாம், மின்னாவிட்டால் சுத்தம் என்று முடிவு கட்ட முடியாது. பழைய சரக்கில் அந்த மினுக்கம் மங்கியும் போகும். மூட்டையை ஒதுக்குவதா வேண்டாமா என்று முதல் பார்வையில் பிரிக்க எனக்கு உதவுகிறது, அதற்கு மேல் இல்லை.

அடுத்த தையில் மழை பிடித்தபோது சாடியிலிருந்து டிரம்முக்குப் போனேன். 200 லிட்டர் நீல டிரம், வாயில் இரும்பு வளையம் பூட்டும் வகை. அதில் மக்காச்சோளம் 140 கிலோ சுமாருக்குப் பிடிக்கும். முதலில் சலித்துக் குருணையும் தூசியும் எடுத்தோம். களத்தில் தார்ப்பாய்க்கு அடியில் நனையாமல் கிடந்த, ஆனால் காயாத சோளம் அது, மீட்டரில் எண்பதுக்கு மேல் காட்டியது. நேராக நனைந்ததைத் தனியாக ஒதுக்கிக் கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே பரப்பினோம், இருபது சதவீதத்தைத் தாண்டிய ஈரத்தை எந்த வாசமும் பிடித்து வைக்காது. ஓமம் ஒரு கிலோ நானூறு கிராம். இடித்து, கைப்பிடி கைப்பிடியாகச் சின்னச் சின்ன முடிச்சாகக் கட்டி, அடியில் சில, நடுவில் சில, மேலே சில என்று அடுக்கடுக்காக வைத்து, டிரம்மைத் தளும்ப நிரப்பி வளையத்தைப் பூட்டினோம். இங்கே பாதி நிரப்பும் விளையாட்டெல்லாம் கிடையாது, காற்று எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

காற்றில்லாமல் வைப்பது நம் ஊருக்குப் புதிதும் இல்லை. பழைய வீடுகளில் சோளக்குழி இருந்தது. பூமிக்குள் குடைந்து, வைக்கோல் கொடுத்து, சோளத்தை நிரப்பி, வாயை மண்ணால் பூசிவிடுவார்கள். தானியமும் பூச்சியும் உள்ளிருக்கும் காற்றைக் குடித்துத் தீர்த்த பிறகு அங்கே எதுவும் வளராது. குழியைத் திறந்ததும் ஆள் இறங்காமல் முதலில் விளக்கை இறக்கிப் பார்ப்பதும் அதனால்தான், விளக்கு அணைந்தால் மனிதனும் அணைந்துவிடுவான்.

மழை விட்டு நல்ல வெயில் வந்ததும் டிரம்மைத் திறந்தோம். ஓம வாசம் முகத்தில் அடித்தது. லேசான புளிப்பு வாசமும் கலந்திருந்தது, ஈரத் தானியத்தைக் காற்றில்லாமல் வைத்தால் அது வரும். கையை முழங்கை வரை விட்டுப் பார்த்தேன், எங்கேயும் சூடு இல்லை. வெளியில் சாக்கில் இருந்த மூட்டையில் இரும்புக் கம்பியைச் சொருகிச் சற்றுநேரம் விட்டு உருவினால் கம்பி வெதுவெதுப்பாக வந்தது, அந்த வெதுவெதுப்பு உள்ளே பூஞ்சை வேலையைத் தொடங்கிவிட்டதன் அடையாளம். டிரம் சோளத்தை அன்றே களத்தில் இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் விரித்து, மணிக்கொரு தரம் காலால் உழுதுவிட்டு, பனி இறங்கும் முன் மாலையிலேயே மூடி, மீட்டர் 65க்குக் கீழே வரும்வரை காயவைத்தோம். பனியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பகலெல்லாம் காய்ந்ததைத் தைப் பனி ஒரு ராத்திரியில் திரும்பக் கொடுத்துவிடும்.

டிரம் சோளத்தில் ஒரு மாதிரி எடுத்து நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இருக்கும் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகத்துக்குக் கொடுத்தேன். முடிவு வரம்புக்குள்ளேயே வந்தது. மாதிரி எடுப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. நச்சு எல்லா மணியிலும் சமமாக இருக்காது, ஆயிரம் மணியில் ஒன்றிரண்டில் குவிந்து கிடக்கும். மேலிருந்து ஒரு கை அள்ளிக்கொண்டு போனால் வருகிற எண்ணுக்கு அர்த்தமே இல்லை. பல இடத்தில், பல ஆழத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கலந்து, நாலாகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கை எடுத்து, மறுபடி கலந்து பிரித்து அனுப்ப வேண்டும்.

மாடுகள் ஓம வாசத்துக்கு முகம் சுளிக்கவில்லை. வயிறு உப்பினால் ஓமம் கொடுக்கிற ஊர்தானே. இருந்தாலும் விரித்துக் காயவைத்து வாசம் தணிந்த பிறகே அரைத்து, தவிட்டோடும் பிண்ணாக்கோடும் கொஞ்சமாகத் தொடங்கிக் கலந்தேன். விதைக்கு எடுத்து வைக்கும் சோளத்தில் இதைச் செய்யவே கூடாது. ஓமச் சாடியில் இருந்த மணிகளை ஈரத்துணியில் கட்டி முளைப்புப் பார்த்ததில் பெரும்பாலானவை முளைக்கவே இல்லை. பூஞ்சையின் சவ்வை உடைக்கிற ஆவி முளைக்குருத்தையும் விட்டுவைக்காது. விதைக்கு நன்றாகக் காய்ந்த பிறகு சாம்பல், அவரைக்கும் துவரைக்கும் செம்மண் கட்டுவது, இந்தப் பழைய வழிதான் சரி.

கடலைக்காய் வேறு கதை. அது மண்ணுக்குள் இருக்கும்போதே ஃப்ளேவஸ் ஏறிவிடுகிறது, குறிப்பாகக் காய் முற்றும் கடைசி வாரங்களில் தண்ணீர் இல்லாமல் வாடினால். வெட்டிப் பிடுங்கியதில் அடிபட்ட காய், சுருங்கிய பருப்பு, நிறம் மாறிய பருப்பு, இவற்றை உட்கார்ந்து பொறுக்கி எடுப்பதுதான் அதற்கு மருந்து. நச்சில் பெரும்பங்கு அந்தக் கழிசலில்தான் இருக்கும். ஆனால் நம் ஊரில் நல்ல பருப்பை விற்றுவிட்டு, அந்தச் சொத்தைகளைத்தான் "எண்ணெய்க்கு ஆகும்" என்று செக்குக்குக் கொண்டுபோகிறோம். செக்கில் ஆட்டும்போது நச்சில் பெரும்பகுதி பிண்ணாக்கில் தங்கும், கொஞ்சம் எண்ணெயிலும் வரும். ஆலையில் சுத்திகரிக்கும்போது அது போய்விடும், செக்கெண்ணெயில் அந்த வேலை நடப்பதில்லை. செக்கெண்ணெயை நான் விடப் போவதில்லை, அதனால்தான் பருப்பைப் பொறுக்குவதில் கண்டிப்பாக இருக்கிறேன். ஏழெட்டு சதவீதத்துக்குக் காய்ந்து, காயைக் குலுக்கினால் உள்ளே பருப்பு கடகடக்க வேண்டும். அதுவரை செக்குப் பக்கம் போவதில்லை. பூசண வாசம் அடிக்கும் பிண்ணாக்கைக் கறவை மாட்டுக்கு ஒரு வேளைகூட வைக்காதீர்கள். ஒரு நாளுக்குள் பாலில் வந்துவிடும். நிறுத்தினால் சில நாளில் பால் சுத்தமாகிவிடும் என்பது ஒன்றுதான் ஆறுதல்.

ஒரு குவிண்டாலுக்கு ஒரு கிலோ ஓமம் என்றால், மக்காச்சோளத்தின் விலையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு ஓமத்துக்கே போய்விடுகிறது. அதனால் எல்லாச் சோளத்துக்கும் இதைச் செய்வதில்லை. வெயில் இருந்தால் வெயில்தான். மழை பிடித்துக்கொண்டு, மீட்டர் எழுபதைத் தாண்டி, எண்ணி எடுத்து வைத்த ஒன்றிரண்டு டிரம்மைக் காப்பாற்ற வேண்டியிருந்தால் மட்டும் உரலை எடுக்கிறேன். தை பிறக்கும் முன்பே ஓமத்தை வாங்கி முழு விதையாக டப்பாவில் வைத்துவிடுகிறேன், மழை நாளில் கடைக்கு ஓட முடியாது. பயன்படுத்திய முடிச்சுகளை அடுப்படிக்குத் திரும்பக் கொண்டுபோவதில்லை, குப்பைக்குழிக்குப் போகும். டிரம்மைச் சுண்ணாம்புத் தண்ணீர் விட்டுக் கழுவி, கவிழ்த்து வைத்து, உள்ளே கை விட்டால் ஈரம் தட்டாத அளவுக்குக் காய்ந்த பிறகே மறுபடி மூடுகிறோம்.